நாம் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெயர்

ஒரு கேள்வி கேட்டுத் தொடங்குகிறேன். பதில் தெரிந்தவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

போர்க்களத்தில் காட்டும் வீரத்துக்கு இந்த நாடு தரும் மிகப் பெரிய விருது பரம்வீர் சக்ரா. 1950இல் ஏற்படுத்தினார்கள். இதுவரை பெற்றவர்கள் மொத்தம் 21 பேர். அதில் 14 பேருக்கு அவர்கள் இறந்த பிறகுதான் கொடுக்கப்பட்டது. இந்த 21 பேரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் ஒரே ஒருவர். யார் அவர்?

எங்கள் அடி அண்ணாமலையில் காலையில் என்னோடு நடக்க வருகிறவர்கள் எல்லோருமே பென்ஷன்காரர்கள். பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர்கள். கேட்டுப் பார்த்தேன். ஒருவர் "மேஜர் சரவணன்" என்றார். இன்னொருவர் "அதான் சார், அமரன் படத்துல வருவாரே, முகுந்த்" என்றார். இரண்டும் பெருமைக்குரிய பெயர்கள்தான். ஆனால் கேள்விக்குப் பதில் அல்ல. திருச்சிக்காரரான சரவணன் 1999 கார்கில் போரில் பட்டாலிக் மலையில் உயிர் விட்டார். அவருக்குக் கிடைத்தது வீர் சக்ரா. முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் இறந்தார். அவருக்கு அசோக சக்ரா. அமைதிக் காலத்து விருதுகளில் அதுதான் தலையானது.

பரம்வீர் சக்ரா பெற்றவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பெயரைக் கேட்டதும் உங்களில் பாதிப்பேர் "அப்படி ஒருவரா?" என்பீர்கள். மீதிப்பேர் கொஞ்சம் நெளிவீர்கள். நெளிகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் 1946 செப்டம்பர் 13 அன்று பம்பாயில் பிறந்தவர். அங்கே தென்னிந்தியர்கள் நடத்திய பள்ளியிலும் கல்லூரியிலும் படித்துப் பட்டம் வாங்கினார். ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு வந்தது நம் சென்னைப் பரங்கிமலைக்கு. இன்று அகாடமி என்று சொல்லும் இடம் அன்று வெறும் பயிற்சிப் பள்ளி. 1972 ஜூனில் மஹார் ரெஜிமென்ட்டில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

மஹார் ரெஜிமென்ட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். மராட்டியத்தில் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மஹார் மக்களை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷார் பட்டாளத்தில் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதார். அந்தக் கதவு மூடியதன் வலி மகனுக்குத் தெரியும். கேட்டுக் கேட்டு, ஒருவழியாக 1941இல்தான் மஹார்களுக்கென்று ரெஜிமென்ட் வந்தது. பிறகு எல்லாச் சமூகத்தாரும் சேர்ந்த படையாயிற்று. அந்த ரெஜிமென்ட்டுக்குக் கிடைத்திருக்கும் ஒரே பரம்வீர் சக்ரா பரமேஸ்வரனுடையதுதான். இன்னொரு செய்தியும் உண்டு. 1987இல் இலங்கைக்குப் படை போனபோது இந்தியாவின் தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி செங்கல்பட்டுக்காரர். அவரும் மஹார் ரெஜிமென்ட்டில் இருந்து வந்தவரே.

ஆம், இலங்கை. நெளிவதற்குக் காரணம் அதுதானே?

1987 நவம்பர் 25. யாழ்ப்பாணத்தில் உடுவிலுக்குப் பக்கத்தில் கந்தரோடை. எட்டாவது மஹார் படையின் ஒரு பிரிவு, ஆயுதம் இறங்கியிருக்கிறது என்ற தகவலை நம்பித் தேடப் போனது. தேடுதலை முடித்துத் திரும்பும் வழியில் பதுங்கியிருந்தவர்கள் சுட ஆரம்பித்தார்கள். பதுங்கித் தாக்குதல் என்றால் என்ன என்று பட்டாளத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சுடுகிறவன் இடத்தைத் தேர்ந்தெடுத்து, நேரத்தைத் தேர்ந்தெடுத்து, மறைவில் படுத்திருக்கிறான். மாட்டிக்கொண்டவனுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்பதே தெரியாது. முதல் சில நிமிடங்களில் அதிகாரி என்ன முடிவு எடுக்கிறார் என்பதில்தான் எத்தனை பேர் வீடு திரும்புவார்கள் என்பது இருக்கிறது. தரையோடு தரையாகப் படுத்துத் திருப்பிச் சுடுவதுதான் உடம்பு கேட்கும் வழி.

பரமேஸ்வரன் அதைச் செய்யவில்லை. சுற்றிக்கொண்டு போய், சுடுகிறவர்களின் பின்பக்கம் வந்து, அவர்கள் எதிர்பார்க்காத நேரத்தில் நேராக அவர்கள் நடுவில் பாய்ந்தார். கைகலப்பு. எதிரில் நின்றவன் அவர் நெஞ்சில் சுட்டுவிட்டான். நெஞ்சில் குண்டு வாங்கிய மனிதர், அவன் கையில் இருந்த துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டு வீழ்த்தினார். கீழே விழுந்த பிறகும் மூச்சு அடங்கும் வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். ஐந்து போராளிகள் இறந்தார்கள். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கைப்பற்றப்பட்டன. அவரோடு போனவர்கள் அந்தப் பொறியிலிருந்து வெளியே வந்தார்கள். அவர் வரவில்லை. வயது 41.

இவ்வளவும் விருது அறிவிப்பில் உள்ளது. நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. இலங்கைக்குப் போன அமைதிப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இவர் ஒருவர்தான்.

விருது 1988 குடியரசு தினத்தன்று. அந்தச் சமயத்தில் தமிழ்நாடு என்ன பாடு பட்டுக்கொண்டிருந்தது என்று நினைவிருக்கிறதா? 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். போய்விட்டார். ஜனவரியில் ஜானகி அம்மாள் முதலமைச்சர். குடியரசு தினம் முடிந்து இரண்டாவது நாள் சட்டமன்றத்தில் மைக்கும் செருப்பும் பறந்தன. 30ஆம் தேதி ஆட்சியே கலைந்தது. அந்த அமளியில் ஒரு மேஜருக்குக் கிடைத்த விருதை யார் கவனிப்பார்கள்? அப்போது கவனிக்காததை நான் குற்றம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருஷம் ஆகியும் கவனிக்காததைத்தான் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் இந்த வட்டாரத்தில் ஒரு பள்ளியில் வீரர்களின் படங்களை மாட்ட ஏற்பாடு செய்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டார்கள். (சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவன், ஆனாலும் ஊருக்கு நான் தபால்காரன்தான்.) சரவணன் படம் இருந்தது, முகுந்த் படம் இருந்தது. பரமேஸ்வரன் படத்தை என் செலவில் சட்டம் போட்டுத் தருகிறேன் என்றேன். குழுவில் இருந்த ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "வேணாம் சார். அவரு நம்ம ஜனங்களையே சுடப் போனவரு. எதுக்கு வம்பு?" மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். டீ வந்தது.

நான் அங்கே சண்டை போடவில்லை. டீ கொடுக்கும் இடத்தில் சண்டை போடக் கூடாது. இங்கே போடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஈழத் தமிழர் பட்ட துன்பத்தைக் குறைத்துப் பேச வந்தவன் அல்ல நான். 1983 ஜூலைக்குப் பிறகு இந்த ஊரில் நடந்த கடையடைப்பிலும் ஊர்வலத்திலும் அரசு ஊழியன் என்பதையும் மறந்து நின்றவன். அமைதிப்படை அங்கே செய்த எல்லாவற்றையும் நியாயப்படுத்தவும் வரவில்லை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்து சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதை மறைத்துவிட்டு அமைதிப்படையைப் பற்றி எழுதுகிறவன் எவனும் நேர்மையானவன் இல்லை. பரமேஸ்வரன் படத்தின் கீழே அந்த ஆஸ்பத்திரியைப் பற்றியும் எழுதுங்கள் என்றால் நானே எழுதித் தருகிறேன்.

ஆனால் "நம்ம ஜனங்களைச் சுடப் போனவர்" என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. அவர் போனவர் இல்லை, அனுப்பப்பட்டவர்.

யார் அனுப்பியது? 1983க்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு ஆயுதம் கொடுத்ததும் பயிற்சி கொடுத்ததும் தில்லி. வடக்கே டேராடூன் பக்கம் பயிற்சி, இங்கே தமிழ்நாட்டில் முகாம்கள். இது பரம ரகசியமாக இருந்தது என்று யாரும் இப்போது சொல்ல வேண்டாம், டீக்கடையில் எல்லோரும் பேசினோம். 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேலே விமானத்தில் பறந்து உணவுப் பொட்டலம் போட்டது தில்லி. ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே நம் படை இறங்கியது. முதலில் இறங்கிய நம் சிப்பாய்களுக்கு யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டார்கள். மறந்துவிட்டோமா? இரண்டு மாதத்தில் எல்லாம் கெட்டது. செப்டம்பர் 26 அன்று திலீபன் தண்ணீர்கூடக் குடிக்காமல் பட்டினி கிடந்து இறந்தார். அக்டோபர் 5 அன்று பலாலியில் குமரப்பா, புலேந்திரன் உள்பட பன்னிரண்டு பேர் சயனைடு கடித்துச் செத்தார்கள். 10ஆம் தேதி சண்டை தொடங்கிவிட்டது. அமைதி காக்கப் போன படை, மாலை போட்டவர்களோடேயே சண்டை போட்டது.

இதில் எந்த முடிவை எட்டாவது மஹாரின் ஒரு மேஜர் எடுத்தார்? ஒப்பந்தத்தை அவர் எழுதினாரா? ஆயுதம் கொடுக்கச் சொன்னாரா? திலீபனின் கோரிக்கைகளைக் கண்டுகொள்ளாமல் இருந்தது அவரா? சண்டை தொடங்கிய இரண்டாவது இரவே, சரியான தகவல் இல்லாமல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் சீக்கியப் படையின் முப்பது பேரை ஹெலிகாப்டரில் இறக்கிவிட்டார்கள். அடுத்த ஹெலிகாப்டர் வரவே இல்லை. 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அந்த 29 பஞ்சாபிப் பிள்ளைகளுக்கு ஈழம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். அவர்களை அங்கே இறக்கச் சொன்னவர்கள் முழுப் பென்ஷன் வாங்கிக்கொண்டு நல்லபடியாகக் காலத்தை ஓட்டினார்கள். சிலர் பின்னால் புத்தகம் எழுதினார்கள். ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள். படித்துப் பாருங்கள், வயிறு எரியும்.

கோபம் வந்தால் அவர்கள் மேல் வரட்டும். தலைவர்கள் பெயரில் சாலை இருக்கிறது, சிலை இருக்கிறது, நாமும் அந்தச் சாலையில்தான் போகிறோம் வருகிறோம். எந்தக் குழுவிலும் யாரும் "எதுக்கு வம்பு" என்று சொன்னதில்லை. ஒரு மேஜரின் படத்தை மாட்டத்தான் வம்பு வந்துவிடுகிறது.

1990 மார்ச் 24 அன்று கடைசிப் படைப்பிரிவும் இலங்கையை விட்டுக் கிளம்பியது. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்த படை. சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அவர் மனதில் இருந்த வருத்தம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன், அன்று தமிழ்நாட்டில் பலருக்கு அந்த வருத்தம் இருந்தது, எனக்கும் இருந்தது. ஆனால் அந்த வருத்தத்தைத் தில்லியில் போய்க் கொட்டியிருக்க வேண்டும். கப்பலில் இருந்து மூட்டையோடு இறங்குகிறவன் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குப் பெரிய துணிச்சல் ஒன்றும் தேவையில்லை. அவனால் நம்மைத் திருப்பி எதுவும் கேட்க முடியாது.

இதைப் படித்துவிட்டு மறுபக்கத்து நண்பர்கள் கைதட்ட வேண்டாம். உங்களுக்கும் இருக்கிறது. கார்கில் நாள் என்றால் மெழுகுவத்தி ஏற்றுகிறீர்கள். காஷ்மீர் என்றால் உங்களுக்கு நெஞ்சு நிமிர்கிறது. நவம்பர் 25க்கு உங்கள் மெழுகுவத்தி எங்கே போயிற்று? எதிரி பாகிஸ்தானாக இருந்தால்தான் செத்தவன் வீரனா? தோற்ற போரில், தப்பான போரில், யாருக்கும் பெருமை தராத போரில் செத்தவன் உங்களுக்கும் வேண்டாதவன்தான். தில்லியில் தேசியப் போர் நினைவகம் 2019இல் திறந்தார்கள். அங்கே பரமேஸ்வரனின் மார்பளவுச் சிலை இருக்கிறது, சந்தோஷம். 2023இல் அந்தமானில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயரையும் வைத்தார்கள், அதுவும் சந்தோஷம். ஆனால் இந்திய அமைதிப்படைக்கென்று கொழும்பில் இலங்கை அரசு நினைவகம் கட்டியது அதற்கெல்லாம் பல வருஷம் முன்னாலேயே. இறந்தவர்களை அனுப்பிய நாட்டை அவர்கள் போய் இறங்கிய நாடு முந்திக்கொண்டது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

"அவர் பம்பாய்க்காரர், தமிழ்நாட்டுக்காரரே இல்லை" என்று ஒருவர் சொன்னார். தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருக்கிற தமிழர் ஒலிம்பிக்கில் ஒரு மெடல் வாங்கிவிட்டு வரட்டும், அப்போது இவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இந்தப் பேச்சு வெறும் படம் மாட்டும் பேச்சு இல்லை. நம் பழைய வட ஆற்காடு ஜில்லா பட்டாளத்துக்குப் பேர்போனது. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை என்ற ஊரையே ராணுவப்பேட்டை என்றுதான் சொல்வார்கள். நான் வேலை பார்த்த கிளைகளில் "கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ." என்று முத்திரை விழுந்த தபாலைக் கையில் எடுக்காத நாளே கிடையாது. அந்த முகவரியில் ஆள் லடாக்கில் இருக்கிறானா, அஸ்ஸாமில் இருக்கிறானா என்று தெரியாது. 1987 கடைசியில் மட்டும் எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்திருந்தது. தபால் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார்கள். சைக்கிளை நிறுத்தாமல் போனால் ஒரு பெருமூச்சு. அது ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்குக் கடைசி வரை புரிந்ததில்லை. அப்போதெல்லாம் தந்தி வந்தால் நல்ல செய்தி கிடையாது.

அப்படிப் போய்த் திரும்பியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எழுபதை நெருங்கிக்கொண்டும் தாண்டியும். எங்கே எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் ஜபல்பூர் சொல்வார்கள், பதான்கோட் சொல்வார்கள், தவாங் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தை மட்டும் தாண்டிவிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பல வருஷப் பழக்கம். ஒரு நாள் சாயங்காலம் ஆதி அண்ணாமலையார் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதல் முறையாக வாயைத் திறந்தார். அங்கே தமிழ் தெரிந்த சிப்பாயைத்தான் எப்போதும் முன்னால் நிறுத்துவார்களாம், வீட்டுக்காரர்களிடம் பேசுவதற்கு. ஒரு வீட்டில் தேடுதல். வயதான அம்மா ஒருத்தி திண்ணையில். இவர் தமிழில் பேசியதும் அந்த அம்மா முகம் மாறியிருக்கிறது. "தம்பி, எந்த ஊர் நீங்கள்?" என்று கேட்டாளாம். இவர் திருவண்ணாமலை என்றார். அந்த அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி அண்ணாமலையாரைக் கும்பிட்டாளாம். கும்பிட்ட கையைக் கீழே இறக்காமலே கேட்டாளாம்: "பின்னை ஏன் தம்பி இஞ்ச வந்தனீங்கள்?"

"இன்னா சார் பதில் சொல்றது?" என்று என்னைக் கேட்டார் ஹவில்தார். "ஆர்டர்னு சொல்லவா? அந்தம்மாவுக்கு ஆர்டர்னா இன்னா தெரியும்? பேசாம வந்துட்டேன்."

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஹவில்தாரா? பரமேஸ்வரனா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் அந்தத் திண்ணைக்கு முன்னால் போய் நிற்கவே இல்லை. நின்றவன் தலையில் மொத்தப் பழியையும் ஏற்றிவிட்டு, நாம் ஈழத் தமிழருக்கு ஏதோ பெரிய நன்மை செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அவர் படத்தை மாட்டாமல் விட்டதால் யாழ்ப்பாணத்தில் எந்தத் தாய்க்கு என்ன ஆறுதல் கிடைத்தது? 2009இல் முள்ளிவாய்க்காலில் அத்தனை பேர் செத்தபோது நாம் என்ன கிழித்தோம்? டி.வி. பார்த்தோம்.

அன்று கந்தரோடையில் இறந்த ஐந்து பேரையும் நான் நினைக்காமல் இல்லை. அவர்களும் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுக்கும் அம்மா இருந்திருப்பாள். அவர்களும் தங்கள் மண்ணுக்காகத்தான் படுத்துக் காத்திருந்தார்கள். அவர்களை அவர்கள் ஊர் நினைக்கட்டும். நம் ஆளை நாம் நினைப்பதால் அவர்களுக்கு ஒன்றும் குறையாது.

இது நானாகக் கண்டுபிடித்த நியாயம் இல்லை. நம் ஜில்லாவின் நியாயம். செங்கம் பக்கம் போய்ப் பாருங்கள். வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு புத்தகமே போட்டது, நாகசாமி பதிப்பித்தது. பெரும்பாலும் பல்லவர் காலத்துக் கற்கள். எதற்காகச் செத்தவர்கள்? பெரிய சாம்ராஜ்யப் போரா? பெரும்பாலும் மாட்டுச் சண்டை. தொறு என்றால் மாட்டு மந்தை. பக்கத்து ஊர்க்காரன் மந்தையை ஓட்டிக்கொண்டு போவான், இந்த ஊர்க்காரன் மீட்கப் போவான். இரண்டு பக்கமும் ஒரே பாஷை பேசுகிறவன், பெண் கொடுத்து எடுக்கிறவனாகக்கூட இருக்கலாம். மாட்டைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. சண்டையின் நியாயம் அரசனோடு போயிற்று, செத்தவன் பெயர் கல்லில் நின்றது. எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்ததாம். ஆயிரத்து நானூறு வருஷம் ஆகியும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

நாய்க்குக் கல் நட்டுப் பெயர் வெட்டி வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான், ஒரு மேஜருக்கு ஓர் ஆணி அடிக்க யோசிக்கிறோம்.

திருச்சிக்காரர்கள் சரவணனுக்கு நினைவகம் எழுப்பினார்கள். பட்டாலிக்கில் அவர் உடல் ஒரு மாதத்துக்கு மேல் பனியில் கிடந்தது. எதிரியை விரட்டிய பிறகுதான் கீழே கொண்டுவர முடிந்தது. அந்த நாட்களில் திருச்சி காத்திருந்ததை நான் பேப்பரில் படித்தேன். முகுந்தை ஒரு சினிமா வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. 2024 தீபாவளிக்கு வந்த படம், என் பேத்தி இரண்டு தடவை பார்த்தாள். சினிமாவைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு நல்ல காரியம் நடந்தது. அதே முகுந்த் பயிற்சி பெற்ற பரங்கிமலை அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? பரமேஸ்வரன் மைதானம். அங்கே பயிற்சி முடிக்கும் ஒவ்வோர் இளம் அதிகாரியும், எந்த மாநிலத்துப் பிள்ளையானாலும், அவர் பெயர் கொண்ட தரையில் கால் பதித்துத்தான் வெளியே வருகிறான். வடகிழக்கில் இருந்து வரும் பெண்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பெயர், மைதானத்தின் சுவருக்கு வெளியே பஸ்ஸில் போகிற நமக்குத் தெரியவில்லை. பரமேஸ்வரனைப் பற்றிச் சினிமா வருமா? வராது என்றுதான் நினைக்கிறேன். எடுப்பவருக்கு இரண்டு பக்கமும் அடி விழும்.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம், பள்ளிக்கூடத்தில் ஒரு படம். படத்தின் கீழே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: தில்லி அனுப்பியது, யாழ்ப்பாண மக்கள் விரும்பாத போர், ஆஸ்பத்திரியில் அப்பாவிகள் செத்தார்கள், இந்த மனிதர் தன் ஆட்களைக் காப்பாற்ற நெஞ்சில் குண்டு வாங்கினார். பிள்ளைகளுக்குக் குழப்பமாகிவிடும் என்கிறார்கள். பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். அதைத்தான் பெரியவர்கள் குழப்பம் என்கிறார்கள்.

சட்டம் போட்ட படம் என் வீட்டில் தயாராக இருக்கிறது. எந்தப் பள்ளி கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன், ஆணியும் நானே வாங்கித் தருகிறேன். நவம்பர் 25 நமக்குத் தீபத் திருவிழாவை ஒட்டி வரும் நாட்கள், யாருக்கும் நேரம் இருக்காது என்று தெரியும். முதல் நாளே மாட்டிவிடலாம்.

இதைப் பதிவு போடும் முன் ஹவில்தாரிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் திலீபனைப் பற்றியோ தில்லியைப் பற்றியோ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "ஒரு எடத்துல வெறும் மஹார் ரெஜிமென்ட்னு போட்டிருக்கீங்க. எட்டாவது மஹார்னு தெளிவா போடுங்க சார். பட்டாலியன் நம்பர் இல்லாம எழுதினா எங்க ஆளுங்களுக்கு யாருன்னு தெரியாது" என்றார். அவர் சேர்ந்தது 1972இல், அப்போது இருந்த படைப்பிரிவு வேறு, எட்டாவதுக்கு வந்தது பிறகு என்று விளக்கினேன். "சரி, அப்ப கந்தரோடையில போடுங்க" என்றார். போட்டிருக்கிறேன்.